பழைய வண்டியும் புதிய பிறேக்கும்



தேர்த் திருவிழாவிலே வடம் பிடித்து இழுப்பவர்களை ஊரே பார்க்கும். தேர்ச்சில்லின் அருகே குனிந்து நின்று, உரிய கணத்திலே முட்டுக்கட்டையைச் செருகி, அத்தனை பெரிய தேரையும் நிறுத்துகின்ற அந்த இரண்டு மூன்று மனிதரைப் பார்ப்பவர் சிலரே. 'முட்டுக்கட்டை' என்ற சொல்லுக்குக்கூட நம்முடைய வழக்கிலே தடங்கல் என்ற பொருளே நிலைத்துவிட்டது. ஓடச் செய்வதைப் புகழ்ந்து, நிற்கச் செய்வதை மறந்துவிடுவது மனித இயல்பு போலும்.

மோட்டார் வண்டியின் கதையும் இதுவே. எஞ்சினைப் பற்றிப் பேசுவோம். வர்ணத்தைப் பற்றிப் பேசுவோம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கணக்குப் பார்ப்போம். பிறேக்கைப் பற்றி நினைப்பது, அது நம்மை ஒருநாள் கைவிட்ட பின்னரே. அப்படி ஒருநாள் எனக்கு வந்தது. அதன் பயனாக, பழைய சிறிய வண்டியொன்றில் உள்ள பிறேக்கைக் கழற்றிவிட்டுப் புதுவகைப் பிறேக் பொருத்துவதா, இருப்பதையே செப்பனிட்டு வைத்துக்கொள்வதா என்ற கேள்வியை நான் பல வாரங்கள் ஆராய நேர்ந்தது. அந்த ஆராய்ச்சியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீட்டு வண்டி 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். என் தந்தையார் வாங்கியது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளுள் ஒன்றிலே எங்கள் வீடு. என் மூத்த சகோதரியார் கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையில் வசிக்கிறார். ஞாயிறுதோறும் காலி முகத்திடலைக் கடந்து, கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு வழியாக அவரைப் பார்க்கப் போவது என் வழக்கம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, இந்தப் பயணத்துக்கு மேல் வண்டியினால் ஆகவேண்டிய வேலை அதிகமில்லை.

மொறிஸ் மைனரை நம் நாட்டிலே அறியாதார் யார்? ஆசிரியரும், வைத்தியரும், அரசாங்க உத்தியோகத்தரும் ஒரு காலத்தில் விரும்பி வாங்கிய வண்டி அது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். 1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியிலே அது முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் உற்பத்தி முடிவதற்குள் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் கணிசமானவை கடல் கடந்து இங்கே வந்தன. வந்தவை போகவும் இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே இருந்ததைப் பேணிக் காக்கும் கலையை நம்மவர் கற்றுக்கொண்டார்கள். மீண்டும் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் தனியார் வண்டிகளுக்கு வழி திறக்கப்பட்டது. பழைய வண்டியை ஓட்டுவது சிலருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம்; பலருக்கு அது தேவையினால் வந்த பழக்கம்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப்பொழுது. வெள்ளவத்தைச் சந்தைக்கு அண்மையிலே காலி வீதியில் வந்துகொண்டிருந்தேன். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் இராது. எனக்கு முன்னால் சென்ற முச்சக்கர வண்டியொன்று ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென நின்றது. நான் பிறேக்கை மிதித்தேன். வண்டி நின்றிருக்க வேண்டும். ஆனால் நிற்பதற்கு முன் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த வலப்பக்கத்திலே, வீதியைப் பாதி கடந்துவிட்டு மறுபாதிக்காகக் காத்து நின்றாள், வெள்ளைச் சீருடை அணிந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி. வண்டியின் முன்பக்கத்துக்கும் அவளுடைய புத்தகப் பைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வீதியைக் கடந்து போய்விட்டாள். எனக்கு வீடு வந்து சேர்ந்த பின்னும் கை நடுக்கம் தீரவில்லை.

என் மகளின் மகளுக்கும் அந்தப் பிள்ளையின் வயதுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று, "அம்மப்பா, மைனரை எனக்குத் தாருங்கள்" என்று கேட்கக் காத்திருப்பவள் அவள். இந்த வண்டியை அவள் கையில் நான் எப்படிக் கொடுப்பேன்?

அன்றிரவே என் மருமகனுடன் பேசினேன். பொறியியல் படித்தவர். "மாமா, டிறம் பிறேக்கின் காலம் முடிந்துவிட்டது. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பொருத்துங்கள். இங்கிலாந்திலே அதற்கென்றே பாகங்கள் தொகுதியாக விற்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது வெறும் நாகரிக மோகமன்று. டிறம் பிறேக் என்பது, சில்லோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புப் பேணியின் உட்புறத்திலே இரண்டு பிறை வடிவான ஷூக்கள் விரிந்து உராய்வதனால் நிறுத்துவது. டிஸ்க் பிறேக்கோ, சுழலும் வட்டத்தட்டு ஒன்றை இருபுறமும் பற்றிப் பிடித்து நிறுத்துவது. தட்டு வெளியே காற்றில் இருப்பதால் சூடு விரைவில் ஆறும். நீர் பட்டாலும் விரைவில் சிதறிவிடும். 1902ஆம் ஆண்டிலேயே லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தபோதிலும், 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் ஓட்டப் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் அதன் பெருமையை நன்கு உணர்ந்தது.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் சிறிய கராஜ் ஒன்று நடத்தும் முதியவரிடம் வண்டியை மெதுவாகக் கொண்டுபோனேன். கொழும்பு வழக்கப்படி அவரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்பார்கள். மருமகனின் யோசனையை அவரிடம் விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், புதுப் பிறேக் போடுறதுக்கு முன்னால, பழைய பிறேக் எங்க போச்சு எண்டு பாப்பமா?" என்றார்.

இந்த ஒரு கேள்விதான் நேயர்களே, இன்று நான் சொல்ல வந்த பொருளின் உயிர்நாடி.

முன்சில்லுகள் இரண்டையும் கழற்றினார். மொறிஸ் மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் ஷூக்களைத் தள்ளுவதற்கு இரண்டு சிறிய சிலிண்டர்கள் உண்டு. வலப்பக்கத்துச் சில்லில் இரண்டும் செவ்வையாக வேலை செய்தன. இடப்பக்கத்திலோ, ஒன்று துருப்பிடித்து இறுகி அசைவற்றுக் கிடந்தது. மற்றையது கசிந்து, கசிந்த பிறேக் ஒயில் ஷூவின் மேல் ஊறி, அதனை வழுக்கும் பொருளாக ஆக்கியிருந்தது. இடது சில்லு பிடிக்கவில்லை. வலது சில்லு பிடித்தது. ஆகவே வண்டி வலப்பக்கம் இழுத்தது. அந்தச் சிறுமியின் பக்கமாக அதை இழுத்தது டிறம் பிறேக்கின் பழைமையன்று, என்னுடைய அசட்டை.

அசட்டை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கான காரணத்தை நானே வகுப்பறையிலே கற்பித்திருக்கிறேன். பிறேக் ஒயில் என்று நாம் சொல்லும் திரவம் உண்மையில் எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடைய ஒரு திரவம். அதிலே நீர் சேரச் சேர, சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்கிறது. திரவம் கொதிக்கும் வெப்பநிலையும் தாழ்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்ப வேண்டும் என்பது பொது விதி. கடலோரத்து ஈரக்காற்றில் வாழும் நமக்கு அந்த விதி இன்னும் முக்கியம். நானோ, ஞாயிறுதோறும் வண்டியைக் கழுவித் துடைத்தேன். பட்டுத் துணியால் மினுக்கினேன். மொறிஸ் மைனரின் பிரதான சிலிண்டர் எஞ்சின் மூடியின் கீழே கண்ணில் படும் இடத்தில் இல்லை. சாரதியின் காலடியில், தரைத்தட்டின் கீழே ஒளிந்திருக்கிறது. பாயை விலக்கி, மூடியைத் திறந்துதான் அதைப் பார்க்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பாயை நான் விலக்கவே இல்லை.

பாஸ் எல்லாச் சில்லுகளின் சிலிண்டர்களையும் மாற்றினார். முன்சில்லுகளின் றப்பர்க் குழாய்கள் உள்ளே வீங்கிப்போயிருந்தமையால் அவற்றையும் மாற்றினார். ஷூக்களுக்குப் புதிய லைனிங் இட்டார். பழைய லைனிங்கின் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம் என்று உதவியாளனைக் கண்டித்து, ஈரத் துணியினால் துடைக்கச் செய்தார். பழைய காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது, அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு. பாகங்களுட் பலவற்றை மருதானைக்கு அடுத்த பஞ்சிகாவத்தையிலே வாங்கினோம். மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன அந்த வீதியிலே, அறுபது வயது வண்டிக்கு வேண்டிய பொருளும் கேட்டால் கிடைக்கிறது. இறுதியாக ஒவ்வொரு சில்லின் ஷூக்களையும் திருகி, டிறமுக்கு மிக அண்மையில் நிற்கும்படி சரிசெய்தார். இந்த வண்டியிலே அது தானாக நடப்பதில்லை. லைனிங் தேயத் தேயக் கையால் சரிசெய்தல் வேண்டும். முன்சில்லு ஒன்றுக்கு இரண்டு திருகிகள், பின்சில்லு ஒன்றுக்கு ஒன்று.

பின்னர் வெறிச்சோடிய ஒரு வீதியிலே விடியற்காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். மிதித்தவுடன், கோடு கிழித்தாற்போல் நேராக நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஓட்டிய வண்டியை அன்றுதான் நான் மீண்டும் கண்டேன்.

அப்படியானால் டிஸ்க் பிறேக் வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசரப்பட்டு முடிவு சொல்லாமல், கணக்கை ஒருமுறை பார்ப்போம்.

வண்டியை முடிவில் நிறுத்துவது டிறமும் அன்று, தட்டும் அன்று. ரயரும் வீதியும் ஒன்றையொன்று பற்றும் பிடியே நிறுத்துகிறது. காலால் முழுவலிமையோடு மிதித்தால் நான்கு சில்லுகளும் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு உங்கள் பிறேக் வலியதாக இருந்தால், அதைவிட வலிய பிறேக் பொருத்துவதால் ஒருமுறை நிறுத்தும் தூரம் பெரிதாகக் குறையப் போவதில்லை. காய்ந்து கல்லாகிப்போன ரயரை வைத்துக்கொண்டு டிஸ்க் பிறேக் பொருத்துவது, வழுக்கும் பாறையில் நின்று கயிறு இழுப்பதற்கு ஒப்பாகும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஒரு குறி இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பிறேக்குக்குப் பணம் ஒதுக்குமுன் அந்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள்.

அடுத்தது வேகம். பிரித்தானிய நாட்டின் வீதி ஒழுங்கு நூலிலே ஒரு கணக்குத் தரப்பட்டிருக்கிறது. மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் வண்டி, சாரதி ஆபத்தை உணர்ந்து காலை வைப்பதற்குள் 9 மீற்றரும், பிறேக் பிடித்த பின் 14 மீற்றரும், ஆக 23 மீற்றர் ஓடி நிற்கும். மணிக்கு 64 கிலோமீற்றர் ஆனால் முறையே 12, 24. ஆக 36 மீற்றர். வேகத்தை இவ்வளவு குறைத்ததனால் மட்டும் 13 மீற்றர் மிச்சம். அது மூன்று மொறிஸ் மைனர்களை வரிசையாக நிறுத்தும் நீளத்தினும் அதிகம். ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பதின்மூன்று மீற்றரை எந்தக் கடையில் வாங்கும் பிறேக்கும் தராது. நகரப் பகுதியிலே மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் காவற்றுறையினருக்காக ஏற்பட்டதன்று என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வழியிலே கடுகண்ணாவைக் கணவாயை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது எஞ்சின் திணறும். இறங்கும்போது பிறேக் திணறும். நான்கு பேர் ஏறிய மொறிஸ் மைனர் ஏறக்குறைய 1,050 கிலோகிராம் நிறையுடையது என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அவ்வண்டியை ஒருமுறை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம், ஏறத்தாழ மூன்றில் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே வண்டி மலைப்பாதையிலே 300 மீற்றர் உயரத்தைப் பிறேக்கின் துணையால் மட்டும் இறங்குமாயின், உண்டாகும் வெப்பம் பத்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யும். அதாவது, இடைவிடாமல் முப்பது தடவை நிறுத்தியதற்குச் சமம். இந்தச் சூட்டிலே டிறம் விரிகிறது, லைனிங்கின் பிடி தளர்கிறது, பழைய பிறேக் ஒயிலில் உள்ள நீர் ஆவியாகிறது. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவேதான் மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும் என்று முன்னோர் சொன்னார்கள். நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் குடும்பத்தோடு அடிக்கடி போய்வருபவர்களுக்கு டிஸ்க் பிறேக் ஆடம்பரமன்று, தக்க முதலீடே.

எஞ்சினை மாற்றியவர்களுக்கும் அப்படியே. நம் நாட்டிலே மொறிஸ் மைனருக்கு வலிய ஜப்பானிய எஞ்சின் பொருத்தி ஓட்டுவோர் உளர். அவர்கள் இந்த வண்டியைச் செய்தவர்களின் நடத்தையையே பாடமாகக் கொள்ளலாம். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 37 குதிரைவலுவும், 1962ஆம் ஆண்டு வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 48 குதிரைவலுவும் கொண்டவை. வலுவைக் கூட்டியபோதே அவர்கள் முன்சில்லின் டிறமையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். அதே இசிகோனிஸ் வடிவமைத்த மினி வண்டிக்கு 1961ஆம் ஆண்டிலே வலுக்கூட்டி 'கூப்பர்' என்று பெயரிட்டபோது, முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பொருத்தினார்கள். ஓட்டும் வலு கூடினால் நிறுத்தும் வலுவும் கூட வேண்டும். எஞ்சினுக்குச் செலவிட்டுவிட்டுப் பிறேக்குக்குக் கைவிரிப்பது, மாடி கட்டிவிட்டுப் படிக்கட்டை மறந்த கதை.

மாற்றுவதாயின் முழுமையாக மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். டிறம் பிறேக்கின் பிரதான சிலிண்டரிலே, குழாய்களில் சிறிது அழுத்தம் எப்போதும் நிற்கும்படி ஒரு வால்வு உண்டு. டிஸ்க்குக்கு அது ஆகாது. தட்டை விடாமல் உராய்ந்து சூடாக்கிவிடும். முன்னோக்கிப் போகும்போது மைனரின் முன் ஷூக்கள் டிறமின் சுழற்சியாலேயே மேலும் இறுகிப் பிடிப்பவை. டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. ஆகவே மிதிப்பதற்குக் கூடிய பலம் வேண்டும்; அதற்காகச் 'சேர்வோ' என்ற துணைக்கருவி தேவைப்படும். சேர்வோ காலின் உழைப்பைக் குறைக்குமே அன்றி, ரயரின் பிடியைக் கூட்டாது. முழங்கால் வலியுள்ள முதியவருக்கு அது பேருதவி. ஆனால் நிறுத்தும் தூரத்தைக் குறைக்கும் மந்திரம் அன்று. தட்டையும் பற்றியையும் மட்டும் வாங்கிப் பொருத்திவிட்டு, மற்றவற்றை உள்ளபடியே விடுவது ஆபத்து. செய்த மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவிப்பதும் விவேகம்.

இவ்வளவையும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது பாஸ் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். அதை நானும் மருமகனும் இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. மொறிஸ் மைனரிலே பிரதான சிலிண்டரிலிருந்து நான்கு சில்லுகளுக்கும் ஒரே சுற்றாகத்தான் ஒயில் செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒரே கணத்தில் பிடி இழக்கும். எஞ்சுவது கைப் பிறேக் ஒன்றே. இக்காலத்து வண்டிகளிலே சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது நிறுத்தும். அமெரிக்காவிலே 1968ஆம் ஆண்டு தொடக்கம் புதிய கார்களுக்கு அது சட்டமாயிற்று. "டிஸ்க் போட்டாலும் குழாய் ஒண்டுதானே, சேர்?" என்றார் அவர். உண்மைதான். எல்லோரும் கண்ணால் காணக்கூடிய தட்டைப் பற்றிப் பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத குழாயிலே உயிர் தொங்குகிறது.

ஆகவே நான் எடுத்த முடிவு இது. என் வண்டி கொழும்பு நகரை விட்டு வெளியே போவது அரிது. எஞ்சின் அதே பழைய 948. வேகம் 50க்கு மேல் இல்லை. ஆகையால் டிஸ்க் பிறேக் எனக்கு வேண்டாம். பதிலாக இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, உடைக்கப்பட்ட 1098 வண்டியொன்றிலிருந்து 8 அங்குல முன் டிறம், ஷூ, சிலிண்டர், அவற்றைத் தாங்கும் தட்டு யாவற்றையும் ஒரு தொகுதியாகப் பெற்று, புதுப்பித்துப் பொருத்தினோம். இது வண்டியைச் செய்தவர்களே கண்ட வழி; ஆதலால் நம்பத்தக்கது. இரண்டாவது, மருமகன் இங்கிலாந்திலிருந்து தருவித்த இரட்டைச் சுற்றுப் பிரதான சிலிண்டரைப் பொருத்தினோம். செலவு என் ஓய்வூதியத்தில் சில மாதத் தொகையை விழுங்கிற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், அளந்துதான் போட்டேன்.

உங்களிடம் மொறிஸ் மைனர் இல்லாதிருக்கலாம். எந்தச் சிறிய வண்டியாக இருந்தாலும், புதுப் பிறேக்கைப் பற்றி யோசிக்குமுன் சில சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம். வண்டி நிற்கும்போது பிறேக்கை மிதித்து அப்படியே அழுத்திக்கொண்டிருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. பஞ்சைப் போல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகே மேலெழுந்தால் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும். ஆளில்லாத வீதியில் மெதுவாகச் செல்லும்போது மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அன்றே கராஜுக்குப் போங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பிறேக் விடாமல் உராய்கிறது. மழைக்காலத்திலே வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய தாழ்ந்த வீதிகளில் தேங்கிய நீரைக் கடந்து வந்தால், உடனே வேகம் எடுக்காமல், மிதியைச் சிறிது அழுத்தியபடி மெதுவாக ஓட்டி டிறமை உலர்த்திக்கொள்ளுங்கள். கடைசியாக, ஒயிலை எப்போது மாற்றினீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நினைவில்லை என்பது விடையானால், அதுவே மாற்றவேண்டிய காலம்.

அகல உழுவதினும் ஆழ உழுவது மேல் என்பது உழவர் மொழி. புதியதை வாங்குவது அகல உழுவது. இருப்பதை அறிந்து பேணுவது ஆழ உழுவது. இரண்டும் சில வேளைகளில் வேண்டும். ஆனால் ஆழ உழாமல் அகல உழுதவனுக்கு விளைச்சல் இல்லை. அன்று நான் பாஸிடம் போகாமல் நேரே டிஸ்க் பிறேக் வாங்கியிருந்தால், முன்பக்கத்தில் புத்தம் புதிய தட்டுகள் பளபளத்திருக்கும். காலடியிலே அதே பழைய சிலிண்டர், அதே பழைய குழாய், பாயை விலக்காத அதே மனிதன்.

என் பேத்திக்கு இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் திறவுகோலைக் கேட்டாள். "முதலில் பாயை விலக்கு" என்றேன். மூடியைத் திறந்து, விளக்குப் பிடித்து, ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொன்னாள். அதன் பிறகே திறவுகோலைக் கொடுத்தேன். வெள்ளவத்தைச் சந்தையடியில் அன்று ஒன்றும் சொல்லாமல் வீதியைக் கடந்து போன அந்தப் பிள்ளைக்கு நான் செலுத்தக்கூடிய கடன் இவ்வளவே.